நரம்புக்குச் சிவப்பு ஒளி: எங்கே, எவ்வளவு, எப்போது நிறுத்துவது?

குறிப்பிட்ட அலைநீளமுள்ள (நானோமீட்டரில் சொல்வது) சிவப்பு ஒளியையோ அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளியையோ உடலில் காட்டும் சிவப்பு ஒளி சிகிச்சை பற்றி வந்த கேள்விகளில் நரம்பு பாதிப்பு தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். நரம்பியலிலும் பிசியோதெரபியிலும் பழகியவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கண்ணாடி கிழித்ததில் மணிக்கட்டில் நரம்பு அறுந்துபோய், தையல் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் மரத்தே இருக்கின்றன. சிவப்பு ஒளி காட்டினால் நரம்பு சீக்கிரம் வளருமா?

உங்கள் நரம்பு இப்போது எதுவரை வந்திருக்கும் என்று முதலில் கணக்குப் போடுவோம். நரம்பு அறுந்ததும், வெட்டுக்குக் கீழே உள்ள இழைகள் சிதைந்து அகற்றப்படுகின்றன. காலியான அந்தக் குழல்களுக்குள் மேலிருந்து புதிய இழைகள் வளர்ந்து இறங்க வேண்டும். தையல் போட்ட இடத்தைக் கடக்கவே மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதன் பிறகு நாளொன்றுக்குச் சராசரியாக 1 மில்லிமீட்டர், அதாவது மாதத்துக்கு 3 செ.மீ. போல வளரும். மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டி விரல் நுனிவரை 16 முதல் 18 செ.மீ. இருக்கும். ஆகவே ஆறேழு மாதத்துக்கு முன்பு நுனியில் உணர்வு வரும் என்று எதிர்பார்க்கவே கூடாது. இரண்டாவது மாதத்தில் மரத்திருப்பது கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

வளர்ச்சியை நீங்களே கண்காணிக்கலாம். விரலிலிருந்து மணிக்கட்டை நோக்கி, நரம்பு போகும் பாதையில் மற்றொரு கையின் விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் தட்டும்போது விரல்களுக்குள் கரண்ட் அடித்தது போலச் சுருக்கென்று ஓடுகிறதோ, வளரும் முனை அங்கே இருக்கிறது. தழும்பிலிருந்து அந்த இடம் எத்தனை செ.மீ. என்று அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்தால் போதும். தையல் போட்டு மூன்று மாதமாகியும் அந்தப் புள்ளி தழும்பைவிட்டு நகரவில்லை என்றால் அறுவை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். ஒளியை நம்பி இந்தக் கட்டத்தில் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. நரம்புத் தொடர்பு இழந்த தசை 12 முதல் 18 மாதத்துக்குள் அந்தத் தொடர்பைத் திரும்பப் பெறாவிட்டால், பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை பழையபடி வேலை செய்யாது.

இனி ஒளிக்கு வருவோம். எலியின் சியாட்டிக் நரம்பை (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு) நசுக்கி ஒளி காட்டிய ஆய்வுகள் ஏராளம். பலவற்றில் நரம்பு உறை தடிமனாக உருவாகி, நடையும் விரைவாகத் திரும்பியிருக்கிறது. மனிதர்களில் ஆதாரம் மெலிவு. இஸ்ரேலில் ரோச்கிண்ட் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பகுதியளவு நரம்புக் காயம் ஏற்பட்டு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆன 18 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு 780 நானோமீட்டர் லேசர், மற்றவர்களுக்குப் போலி ஒளி. லேசர் பெற்றவர்களின் தசை பலம் கூடியது. தொடு உணர்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது இது: அவர்கள் 21 நாள் தொடர்ந்து, தினமும் நரம்பின் மேல் 3 மணி நேரமும் அந்த நரம்பு புறப்படும் தண்டுவடப் பகுதியில் 2 மணி நேரமும் ஒளி காட்டினார்கள். வீட்டில் பத்து நிமிடம் விளக்கின் முன் உட்காருவதும் இதுவும் ஒன்றில்லை.

எனவே வேகம் கூடும் என்று உறுதி சொல்ல மாட்டோம். முயன்று பார்க்கலாமா என்றால், புண் முழுதாக மூடி, அறுவை மருத்துவரும் சம்மதித்த பிறகு தாராளமாகப் பார்க்கலாம். 810 முதல் 850 நானோமீட்டர் வரை உள்ள, தோலில் வைத்துப் பிடிக்கும் முனைக்கருவியை, தழும்பிலிருந்து நீங்கள் குறித்த தட்டல் புள்ளிவரை 2 செ.மீ.க்கு ஓர் இடமாக நகர்த்தி, இடத்துக்கு 4 முதல் 6 ஜூல் (ஒளி ஆற்றலின் அலகு) கொடுங்கள். வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் போதும். கருவி சுடுகிறதா என்பதை மரத்த விரலை வைத்துப் பார்க்காதீர்கள். நல்ல கையால் தொட்டுப் பாருங்கள்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லும் விரல் மடக்குப் பயிற்சியும், பஞ்சு, துணி, தூரிகை என்று வெவ்வேறு பரப்புகளைக் கண்ணை மூடித் தடவி அடையாளம் காணும் உணர்வுப் பயிற்சியும் ஒளிக்காக ஒரு நாள்கூட நிற்கக் கூடாது.

வெறும் வெளிச்சம் நரம்புக்குள் என்ன செய்துவிட முடியும்?

செல்லுக்குள் ஆற்றல் உற்பத்தியாகும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளியையும் அது உறிஞ்சும். அடிபட்ட செல்லில் இந்த நொதியோடு நைட்ரிக் ஆக்சைடு ஒட்டிக்கொண்டு மூச்சை முடக்குகிறது. ஒளி பட்டதும் அது கழன்றுவிடுகிறது. செல்லின் எரிபொருளான ஏடிபியின் உற்பத்தி கூடுகிறது. விடுபட்ட நைட்ரிக் ஆக்சைடு சிறு ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது. நரம்பு இழை நீளமானது, ஆற்றல் ஓயாமல் தேவைப்படுவது என்பதால் இந்த உதவி அதற்குப் பயன்படும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே.

துறை புதிதல்ல. ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் 1967-இல் 694 நானோமீட்டர் ரூபி லேசரை எலிகள் மேல் காட்டி, மழித்த இடத்தில் முடி விரைவாக வளர்வதைக் கவனித்ததில் இருந்து இது தொடங்குகிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எலியின் சியாட்டிக் நரம்பு தோலுக்குச் சில மில்லிமீட்டர் அடியில் கிடக்கிறது. மனிதரின் அதே நரம்பு புட்டத்தில் பல சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடுகிறது. எலிக்குக் கிடைத்த பலன் மனிதருக்கு அப்படியே வராததற்கு முதல் காரணம் இந்த ஆழம்தான்.

பதினைந்து வருடச் சர்க்கரை நோய். இரண்டு பாதங்களும் எரிகின்றன, ராத்திரியில் தூக்கம் இல்லை. 660, 850 இரண்டும் உள்ள பேனல் ஒன்று வாங்கியிருக்கிறேன். எத்தனை நிமிடம் காட்டலாம்?

நிமிடம் சொல்வதற்கு முன் ஒரு கசப்பான உண்மை. சர்க்கரை நோயாளிகளின் பாத நரம்பு பாதிப்புக்கு 890 நானோமீட்டர் அகச்சிவப்புப் பட்டைகள் ஒரு காலத்தில் அமெரிக்காவில் பெரிய அளவில் விற்றன. 2006-இல் அந்நாட்டின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் இவற்றுக்குப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. 2008-இல் 69 பேரைக் கொண்டு, யாருக்கு நிஜக் கருவி, யாருக்குப் போலி என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அதன்பின் வந்த சிறிய ஆய்வுகள் சிலவற்றில் வலி குறைந்திருக்கிறது என்றாலும், சேதமான நரம்பு திரும்ப வளர்ந்ததாக யாரும் உறுதியாகக் காட்டவில்லை.

காரணமும் விளங்கக்கூடியதே. பாதத்து உணர்வு நரம்பின் தாய்செல் இடுப்பு முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்கு இழை ஓடி விரல் நுனியில் முடிகிறது. சர்க்கரை அந்த இழை முழுவதையும் அதற்கு ரத்தம் கொடுக்கும் குழாய்களையும் கெடுக்கிறது. நீங்கள் ஒளி காட்டுவது அதன் கடைசி ஒரு சாணுக்கு மட்டும்.

ஆகவே பேனலை ஓரமாக வைத்துவிட்டு இவற்றை முடியுங்கள். எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரை) பாருங்கள். மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவராக இருந்தால் பி12 அளவை அவசியம் பாருங்கள். அந்த மருந்து பி12-ஐக் குறைக்கும், பி12 குறைவும் இதே எரிச்சலையும் மரமரப்பையும் தரும், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யக்கூடியது. தைராய்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். நரம்புச் சத்து மாத்திரை என்று பி6 அதிகமாக உள்ளதை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். தூக்கத்தைக் கெடுக்கும் எரிச்சலுக்கு டுலோக்செட்டின், பிரிகேபலின் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தருவார். அவற்றுக்கு ஒளியைவிடப் பல மடங்கு வலுவான ஆதாரம் இருக்கிறது.

இவற்றோடு கூடுதலாக ஒளியும் வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள்: கீறல், கொப்புளம், சிவப்பு, விரலிடுக்கில் வெடிப்பு. ஏதாவது இருந்தால் அன்று ஒளி வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். களிம்பு, எண்ணெய் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். உள்ளங்கால் தோல் தடிப்பானது, ஒளியைத் தடுத்துவிடும். அதனால் மேற்பாதத்துக்கும், உட்புறக் கணுக்கால் எலும்பின் பின்பக்கத்துக்கும், வெளிக் கணுக்காலின் பின்பக்கத்துக்கும் காட்டுவதே நல்லது; நரம்புகள் அங்கே தோலுக்கு நெருக்கமாக ஓடுகின்றன. ஒவ்வோர் இடத்திலும் சதுர செ.மீ.க்கு 4 முதல் 6 ஜூல் வரும்படி நேரத்தைக் கணக்கிடுங்கள். கணக்கு அடுத்த பதிலில் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் பாதி நேரம் மட்டும்.

முடிந்ததும் தோலைக் கையால் தொட்டுப் பாருங்கள். மிதமான வெதுவெதுப்பு சரி. சூடாக இருந்தால் தூரம் போதவில்லை. உங்கள் பாதத்துக்குச் சுடுவது தெரியாது என்பதால் "சுட்டால் எடுத்துவிடலாம்" என்ற நினைப்பே வேண்டாம். பேனலைக் காலில் கட்டிக்கொண்டு தூங்கவே கூடாது.

கருவியின் பெட்டியில் "300 வாட்", "100 மில்லிவாட்" என்றெல்லாம் போட்டிருக்கிறது. இதை வைத்து நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

300 வாட் என்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் பல்புகளின் அதிகபட்சத் திறனைக் கூட்டிச் சொல்வது. உடலில் படும் ஒளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களுக்குத் தேவை ஒரே ஓர் எண்: நீங்கள் வைக்கப்போகும் தூரத்தில், ஒரு சதுர செ.மீ. தோலில் எத்தனை மில்லிவாட் விழுகிறது.

அது தெரிந்தால் கணக்கு எளிது. மில்லிவாட்டை விநாடியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் சதுர செ.மீ.க்கு எத்தனை ஜூல் என்று வரும். 50 மில்லிவாட், 120 விநாடி என்றால் 6 ஜூல். 25 மில்லிவாட்தான் என்றால் அதே 6 ஜூலுக்கு 240 விநாடி. மேலோட்டமான நரம்புகளுக்கு ஆய்வுகளில் பெரும்பாலும் 4 முதல் 10 ஜூல்வரை பயன்படுத்துகிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், பெட்டியில் உள்ள எண் எந்தத் தூரத்தில், எந்த மீட்டரால் அளந்தது என்று பலர் சொல்வதில்லை. சூரிய ஒளியை அளக்கும் மலிவான மீட்டரைச் சிவப்பு விளக்கின் முன் பிடித்தால் நிஜத்தைவிடக் கணிசமாக அதிகம் காட்டும். அது சூரியனின் எல்லா நிறங்களும் கலந்த ஒளிக்காகச் சரிசெய்யப்பட்டது. ஒளி தரும் வெப்பத்தை வைத்து அளக்கும் தெர்மோபைல் வகை அளவியால், இத்தனை செ.மீ. தூரத்தில் என்று குறிப்பிட்டு அளந்த அறிக்கை தருகிறார்களா என்று கேளுங்கள். தூரம் சொல்லாத எண்ணை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். விளக்குக்கு ஒட்டி அளந்ததை அச்சிட்டு, 30 செ.மீ. தள்ளி உட்காரச் சொல்லும் கையேடுகள் நிறைய.

850 எரிகிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. மிக மங்கலாகச் சிவப்பு தெரிந்தால் உண்டு. செல்போனின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால் பெரும்பாலான போன்களில் அந்த பல்புகள் வெளிர் ஊதாவாக ஒளிரும். சிவப்பு பல்புகள் எரிந்து, மற்றவை கேமராவிலும் இருட்டாகவே இருந்தால் அந்த வரிசை பழுதாகியிருக்கலாம். இன்னொரு போனிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பத்து நிமிடம் நல்லது என்றால் அரை மணி நேரம் இன்னும் நல்லதுதானே? அரை மணியாக்கிய பிறகு முழங்கையில் சுருக் சுருக்கென்று குத்தல் கூடிவிட்டது.

குத்தல் கூடியதில் ஆச்சரியமில்லை. இந்தச் சிகிச்சையில் அளவுக்கும் பலனுக்கும் உள்ள உறவு ஒரு மேட்டைப் போன்றது. குறைவாகக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது, ஓர் அளவுவரை பலன் ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும். மிக அதிகமானால் செல்லின் செயல்பாடு அடங்கிவிடும். செல் வளர்ப்பிலும் விலங்கிலும் திரும்பத் திரும்பக் கண்டது இது. வலியைச் சட்டென்று அடக்குவதற்காக வேண்டுமென்றே அதிக அளவு கொடுக்கும் முறையும் உண்டு. அது நரம்புக் கடத்தலைத் தற்காலிகமாக மந்தப்படுத்துவதற்கு. நரம்பு ஆற வேண்டும் என்று நினைப்பவருக்கு அந்த அளவு பொருந்தாது.

ஒரு வாரம் முழுதாக நிறுத்துங்கள். பிறகு பழைய பத்து நிமிடத்தில் பாதி, ஒருநாள் விட்டு ஒருநாள். முழங்கையின் உட்புறத்தில், "கரண்ட் அடிக்கும்" அந்த எலும்புப் பள்ளத்தில் ஓடும் நரம்பு தோலுக்கு மிக அருகில் இருப்பது. அதற்குக் குறைந்த அளவே போதும். நிறுத்தியும் குத்தல் தொடர்ந்தால், அல்லது சுண்டுவிரலும் மோதிர விரலும் பலமிழந்தால் ஒளி இருக்கட்டும், மருத்துவரைப் பாருங்கள். முழங்கையை மடக்கிப் போனைக் காதில் வைத்துப் பேசுவதையும், மடக்கியபடியே தூங்குவதையும் விட்டாலே பலருக்குப் பாதி குறைந்துவிடும்.

இடுப்புத் தட்டு விலகிக் கால்வரை இழுக்கிறது. முதுகில் பேனல் வைத்தால் நரம்பு ஆறுமா?

ஒளி அவ்வளவு தூரம் போகாது. 660 நானோமீட்டர் சிவப்பு சில மில்லிமீட்டரிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். 810 முதல் 850 வரையிலான ஒளி 2, 3 செ.மீ. ஆழத்துக்குச் சென்றாலும் அங்கே சேர்வது தோலில் பட்டதில் மிகச் சிறு பங்குதான். நசுங்கும் நரம்பு வேர் தோல், கொழுப்பு, தடித்த முதுகுத் தசை, எலும்பு எல்லாவற்றுக்கும் பின்னால், அதைவிட ஆழத்தில் இருக்கிறது. முதுகுத் தசைப்பிடிப்பு கொஞ்சம் இளகலாம். நரம்பு வேருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இந்த வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும் என்பதால், பேனலால்தான் சரியானது என்று தோன்றவும் செய்யும்.

பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அதே மணியில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பாதம் திடீரெனத் தொங்கிப்போனாலும் நாளைவரை காத்திருக்க வேண்டாம்.

நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை. ராத்திரியில் கட்டைவிரல் பக்கத்து மூன்று விரல்கள் மதமதத்து எழுப்பிவிடுகின்றன. கையை உதறினால் சரியாகிறது. ஒளி பலன் தருமா?

நீங்கள் சொல்லும் உதறல் பெரும்பாலும் மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு நெருக்கப்படுவதையே காட்டுகிறது. முதல் வைத்தியம் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை. ராத்திரி மட்டும், ஆறு வாரமாவது கட்டுங்கள். கையை மேல்நோக்கி வளைத்துப் பிடிக்கும் பட்டைகளும் கடையில் உண்டு, அவை வேண்டாம். உள்ளே இருக்கும் உலோகத் தகட்டை உருவி நேராக்கிக்கொள்ளலாம்.

ஒளியைப் பொறுத்தவரை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, குறைந்த திறன் லேசர் இந்த நோய்க்குப் போலிச் சிகிச்சையைவிட மேல் என்று சொல்லப் போதிய தரமான ஆதாரம் இல்லை என்றது. ஆனால் நரம்பு இங்கே மேலோட்டமாகவே இருக்கிறது. சரியான அளவு கொடுத்தால் ஒளி போய்ச் சேரும். அதனால் பட்டையோடு சேர்த்து முயல்வதில் தவறில்லை. உலக லேசர் சிகிச்சைச் சங்கத்தின் அளவுப் பட்டியலில் 780 முதல் 860 நானோமீட்டர் கருவிக்கு மணிக்கட்டுச் சுரங்கத்தில் இரண்டு மூன்று புள்ளிகள், புள்ளிக்குக் குறைந்தது 4 ஜூல் என்று இருக்கிறது. 100 மில்லிவாட் முனை என்றால் புள்ளிக்கு 40 விநாடி. மணிக்கட்டு மடிப்பின் நடுவே ஒன்று, அதற்கு 1 செ.மீ. மேலே ஒன்று, உள்ளங்கைப் பக்கம் ஒன்று. முனையைத் தோலில் சற்று அழுத்திப் பிடியுங்கள். அழுத்தும்போது அந்த இடத்து ரத்தம் விலகி, ஒளி கூடுதல் ஆழம் போகும்.

மதமதப்பு பகலிலும் விடாமல் இருந்தால், அல்லது கட்டைவிரல் அடித் தசை மற்ற கையைவிட வற்றித் தெரிந்தால், இந்த முயற்சிகளுக்கெல்லாம் நேரம் கடந்துவிட்டது. நரம்புக் கடத்தல் சோதனை செய்து அறுவை தேவையா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நேற்று காலை எழுந்தபோது முகம் ஒரு பக்கம் கோணிவிட்டது. இன்றே லேசர் ஆரம்பிக்கலாமா?

இன்றே ஆரம்பிக்க வேண்டியது ஸ்டீராய்டு மாத்திரை. முகவாதத்தில் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் முழுக் குணமாகும் வாய்ப்பு கூடும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்டது. கை, கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ கூடவே இருந்தால், அல்லது கோணிய பக்கத்து நெற்றியை நன்றாகச் சுருக்க முடிந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம்; வேறு எதையும் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கண் மூடவில்லை என்றால் பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை மூடிப் பட்டை ஒட்ட வேண்டும். கருவிழி வறண்டு புண்ணாவதைத் தடுப்பது மற்ற எல்லாவற்றையும்விட அவசரம். மருந்து எடுக்காதவர்களிலும் பத்தில் ஏழு பேருக்குத் தானாகவே முழுதாகச் சரியாகும் நோய் இது. ஆகவே "லேசரால் குணமானது" என்ற சாட்சியங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. துணைச் சிகிச்சையாகப் பயிற்சி பெற்றவரிடம் செய்துகொள்வதானால், அந்த அலைநீளத்துக்கென்றே உள்ள கண்ணாடியை நீங்களும் அவரும் போட்டிருக்க வேண்டும். கண்குழிக்குள் ஒளி காட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத லேசர் கூடுதல் ஆபத்து. வெளிச்சமே தெரியாததால் கண்மணி சுருங்காது, இமையும் மூடாது.

அப்பாவுக்குப் புற்றுநோய்க்குக் கீமோ முடிந்தது. கை, கால் விரல்களில் மரமரப்பு. புற்றுநோய் உள்ளவருக்கு இந்த ஒளி கொடுக்கலாமா?

கீமோவால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, குறிப்பிட்ட சில சிகிச்சைகளின்போது வாய்க்குள் இந்த ஒளியைக் கொடுக்கும்படி சர்வதேசப் புற்றுநோய் ஆதரவுச் சிகிச்சை வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. இந்தச் சிகிச்சைக்கு உள்ளதிலேயே உறுதியான ஆதாரம் அதற்குத்தான். ஆகவே புற்றுநோய் என்றாலே தொடக் கூடாது என்பதில்லை. கட்டி இருந்த இடத்துக்கும், அது பரவியிருக்கும் இடத்துக்கும் நேராகக் காட்டக் கூடாது என்பதே பொதுவான எச்சரிக்கை. விரல்களுக்குக் கொடுப்பதைப் பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. வலி இருந்தால் டுலோக்செட்டின் பற்றியும் கேளுங்கள். கீமோ நரம்பு வலிக்கு வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கும் மருந்து அதுதான். கடைசி கீமோவுக்குப் பிறகும் சில மாதம் மரமரப்பு கூடிக்கொண்டே போகும் மருந்துகள் உண்டு, ஆக்சாலிபிளாட்டின் அவற்றில் ஒன்று. அந்த நேரத்தில் ஒளியைக் குற்றம் சொல்லவும் வேண்டாம், அதைக் கூட்டவும் வேண்டாம்.

வீட்டில் சிவப்பு நிற அகச்சிவப்பு பல்பு இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

வேண்டாம். அது சூடு தருவதற்கான பல்பு. அதன் ஆற்றலில் பெரும்பகுதி தோலின் மேற்பரப்பையே சூடாக்கும் அலைநீளங்களில் வெளியாகிறது. உணர்வு குறைந்த காலில் அதை வைத்துக் கொப்புளம் வந்து, அது புண்ணாகி, விரல் எடுக்கும்வரை போக வாய்ப்புண்டு. இந்தப் பக்கத்தில் உள்ள எச்சரிக்கைகளில் ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்வதானால் இதைச் சொல்லுங்கள்.

நான் நல்ல கறுப்பு. கருமையான தோலுக்கு ஒளியைக் கூட்ட வேண்டுமா?

கூட்டாதீர்கள், குறைத்துத் தொடங்குங்கள். மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாக மாற்றும். 660-ஐ அதிகமாகவும் 850-ஐக் குறைவாகவும் உறிஞ்சும். எனவே உங்களுக்கு 810க்கு மேற்பட்ட அலைநீளம் நல்லது. பாதி நேரத்தில் ஆரம்பித்து, தோல் சூடாகிறதா என்று பார்த்து மெல்லக் கூட்டுங்கள். பச்சை குத்திய இடத்தையும் பெரிய மச்சத்தையும் விட்டு ஒதுங்கிக் காட்டுங்கள், மை சீக்கிரம் சூடேறும். மெத்திலீன் நீலம் எடுப்பவர்களும், ஒளியால் செயல்படும் மருந்து ஏற்றிப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சிவப்பு ஒளிக்குப் பக்கமே போகக் கூடாது. அந்த மருந்துகள் சிவப்பு ஒளியைப் பிடித்துத் திசுவைப் பொசுக்கும்.

பலன் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை நாள் செய்து பார்க்கலாம்?

"பரவாயில்லை போல இருக்கிறது" என்பதை அளவாக வைத்துக்கொண்டால் ஏமாந்துவிடுவோம். நரம்பு வலி நாளுக்கு நாள் ஏறி இறங்கும். தொடங்கும் நாளிலேயே மூன்றைப் பதிவு செய்யுங்கள். ஒன்று, மரத்த பகுதியின் எல்லை: கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இன்னொருவர் பஞ்சால் மரத்த இடத்திலிருந்து நல்ல இடம் நோக்கித் தொட்டுக்கொண்டே வரட்டும், தெரிந்ததும் சொல்லுங்கள், அங்கே பேனாவால் கோடு. சுற்றிலும் இப்படிக் கோடிட்டுப் போட்டோ எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலும் தெரியட்டும். இரண்டு, பலம்: சட்டைப் பட்டன் ஐந்து போட எத்தனை விநாடி, அல்லது குதிகாலில் எத்தனை அடி நடக்க முடிகிறது என்று ஏதாவது ஒன்று. மூன்று, ராத்திரி வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், தினமும் காலையில் எழுதுங்கள். முதல் இரண்டையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதே ஆள் செய்ய வேண்டும். மருத்துவரிடம் போகும்போது 10 கிராம் மோனோஃபிலமென்ட் (நைலான் இழை) தொடுதலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை அதிர்வும் சோதித்துக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

புதிய மருந்து, பயிற்சி, ஒளி மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தும் பயிற்சியும் நிலைப்பட்ட பிறகு ஒளியைச் சேருங்கள்.

வலிக்காக என்றால் நான்கு முதல் ஆறு வாரம், உணர்வும் பலமும் திரும்புவதற்காக என்றால் பன்னிரண்டு வாரம் பாருங்கள். கோடு நகரவில்லை, விநாடி குறையவில்லை, மதிப்பெண் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு அந்தப் பதிவுகளோடு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். கடத்தல் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். புதிதாக அடிபட்டவர்கள் தசை மின்பதிவை முதல் வாரத்திலேயே அவசரப்பட்டு எடுத்துவிட வேண்டாம். தசையில் மாற்றம் பதிவாகவே இரண்டு மூன்று வாரம் ஆகும்.